இரண்டாவது என்டர்

போன மாதம் பிரகாஷ் போன் செய்தான். நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது தீவன மில் புரோகிராம்களைப் பார்த்துக்கொள்பவன். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன், நிதானமான ஆள்.

“அக்கா, நம்ம பழைய தீவனப் புரோகிராமை வெப்புக்கு மாத்தீட்டு இருக்கறோம். அதுல உப்பு அளவு ஜாஸ்தியாப் போச்சுன்னா கடைசியில நிறுத்தி, அந்த அளவை மறுபடியும் டைப் அடிக்கச் சொல்லுது. என்டர் தட்டினாப் போக மாட்டேங்குது. அது கோளாறா, நீங்க வேணும்னே வெச்சதுங்களா? எடுத்தர்லாமா?”

“எடுத்தீன்னா ஊட்டுக்கே வந்து உதைப்பேன்” என்றேன்.

சிரித்தான். காரணம் கேட்டான். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது, இது பருப்பு வேகும் நேரத்தில் சொல்லி முடிக்கிற காரணமும் இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் எங்கெங்கோ இழுக்கிறது. இழுக்கிற பக்கமே போகிறேன், பொறுமை இருந்தால் கூட வாருங்கள்.

முப்பத்தோரு வருஷம் நாமக்கல்லில் ஒரே மாடியில் உத்தியோகம் பார்த்தேன். கீழே லாரி உதிரிபாகக் கடை, மேலே நாங்கள் எட்டுப் பேர். சாஃப்ட்வேர் வேலை என்று சொன்னால் “பெங்களூருங்களா?” என்பார்கள். “பரமத்தி ரோடுங்க” என்பேன். கேட்டவர்கள் முகம் கொஞ்சம் வாடும். தீவன மில், லாரி ஆபீஸ், ரத்தப் பரிசோதனைக் கூடம், முட்டைக் கிடங்கு என்று இந்தச் சுற்று வட்டாரத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் திரை செய்து கொடுத்தோம். எங்கே பெயர் அடிப்பது, எங்கே எண் அடிப்பது, எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும், அது என் பங்கு. உள்ளே ஓடும் கணக்கை வேறு ஆட்கள் எழுதுவார்கள்.

படிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. ராசிபுரத்தில் பி.எஸ்ஸி. கணிதம், டைப்ரைட்டிங் ஹையர், சேலத்துக்குப் பஸ்ஸில் நின்றபடியே போய் வந்து ஆறு மாதக் கோர்ஸ். வேலையைக் கற்றது தங்கவேல் சாரிடம்.

தங்கவேல் சார் எங்கள் முதலாளி. கனத்த உடம்பு, சன்னமான குரல். டீ கொண்டு வருபவரைக்கூட ‘ங்க’ போடாமல் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய் இருக்கும். கோபம் வந்தால் ஏலக்காயைக் கடிப்பார், அந்தச் சத்தம்தான் எங்களுக்குத் திட்டு.

ஒரு திரையை முடித்து அவரிடம் காட்டப் போனால் முதல் வேலையாக மவுஸைப் பிடுங்கித் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டுவார். “இப்ப ஓட்டிக் காட்டுங்க அம்மிணி” என்பார். மவுஸ் இல்லாமல் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை கீபோர்டிலேயே போய் வர வேண்டும். பேப்பரில் பெயர் முதலில் இருந்தால் திரையிலும் பெயர்தான் முதலில் இருக்க வேண்டும். கர்சர் நொண்டி விளையாடுவது போல் இங்கும் அங்கும் தாவினால் ஏலக்காய் கடிபடும்.

என்டர் விஷயத்தையும் அவர்தான் எனக்குப் புரிய வைத்தார். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போக டேப் கீ என்றுதான் கோர்ஸில் சொல்லிக் கொடுத்தார்கள். நம் பக்கத்தில் ஒருத்தரும் அதைத் தொட மாட்டார்கள். எண் அடிக்கிறவர்களுக்கு வலக்கை வலது ஓரத்து எண் கீகளில் இருக்கும். இடக்கை பேப்பரில் இருக்கும், விரல் வரி வரியாக இறங்கும். டேப் கீ இருப்பது இடது ஓரத்தில். பேப்பரில் இருக்கும் கையை எடுத்து யார் அதைத் தட்டுவது? எண், என்டர், எண், என்டர் என்றுதான் போவார்கள். ஆகவே நாங்கள் எழுதிய எல்லாத் திரையிலும் என்டர் தட்டினால் கர்சர் அடுத்த கட்டத்துக்குப் போகும். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நான் சறுக்கி விழுந்தது இதில்தான்.

அவருடைய இன்னொரு வழக்கம் பக்கத்தில் உட்காருவது. புதுத் திரை போட்ட இடத்துக்குப் போய், அதில் வேலை செய்கிறவர் பக்கத்தில் ஒரு காலைப்பொழுது முழுக்க வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். “கை சும்மா இருந்தாத்தானுங்க கண்ணு வேலை செய்யும். கை வெளிய இருந்தா, நகருங்க நான் பண்றேன்னு போயிரும்.” அத்தனை பெரிய மனுஷர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையை அடியில் கொடுத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அப்படி உட்கார்ந்துதான் எனக்குப் பாதி வேலை தெரிந்தது.

ஜேடர்பாளையத்துப் பக்கம் வெல்லக் கிடங்கு வைத்திருந்த ஒருவருக்குத் திரை போட்டுக் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. போய் உட்கார்ந்தேன். ஒரு சரக்கு வரவை அடித்தார். பிறகு மேலே மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினார். ‘மூடுவதற்கு முன் சேமிக்கவா?’ என்று கேட்டது. ஆம் என்றார். புரோகிராமே மூடிக்கொண்டது. மறுபடியும் அதைத் திறந்தார், பாஸ்வேர்ட் போட்டார், அடுத்த வரவை அடித்தார். ஒவ்வொரு வரவுக்கும் இப்படி.

என்னால் தாங்க முடியவில்லை. விரதத்தை முறித்து “சேமி பட்டனை ஏனுங்க அழுத்த மாட்டேங்கறீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“அப்படி ஒண்ணு இருக்குதுங்களா?” என்றார்.

அவருடைய பழைய திரை சின்னது. நான் ஆபீஸில் பெரிய திரையில் வரைந்த சேமி பொத்தான் அவருக்குக் கீழே, திரைக்கு வெளியே விழுந்திருந்தது. “ஒவ்வொரு தடவையும் கடையைச் சாத்திச் சாத்தித் தெறக்கற மாதிரி இருந்துச்சுங்க. கம்ப்யூட்டர்னா இப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்” என்றார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மூன்று மாதம். எனக்குக் காவிரியில் குதிக்கலாமா என்று இருந்தது. அன்றிலிருந்து ஆபீஸிலேயே ஒரு சின்னத் திரையை வாங்கி வைத்து அதிலும் ஓட்டிப் பார்த்துத்தான் எதையும் வெளியே அனுப்பினேன்.

சங்ககிரி லாரி ஆபீஸில் வேறு கூத்து. சீட்டு அச்சிடும் பொத்தானை அழுத்தினால் புரோகிராம் பழைய பதிவையெல்லாம் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை திரை அசையாது, செத்தது போல் நிற்கும். அங்கே இருந்த புக்கிங் கிளார்க்குக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. அழுத்தினார், அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். ஒரு லாரிக்குப் பதினோரு சீட்டு வந்தது. டிரைவர் அத்தனையையும் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “பத்து லாரி பின்னால வருதுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு, அழுத்தின உடனே பொத்தான் மங்கிப்போய், ‘தேடுகிறேன், பொறுங்கள்’ என்று எழுத்து வரும்படி மாற்றினேன். தேடுகிற வேலையைத் தனியாகப் பின்னால் ஓடவிட்டு, திரை உயிரோடு இருக்கும்படி செய்ய இன்னும் ஒரு வருஷம் ஆனது.

இப்படி நூறு சொல்லலாம். எல்லாம் சிரித்துக்கொண்டே திருத்திய தப்புகள். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு.

மோகனூர் போகிற வழியில் ஒரு தீவன மில். முதலாளி பெயர் நல்லசாமி, எங்களுக்கெல்லாம் அண்ணன். கோழித் தீவனத்துக்கு இன்னின்ன சரக்கு இத்தனை கிலோ என்று கால்நடை டாக்டர் ஒரு பேப்பரில் எழுதித் தருவார். சரக்கு வரத்தைப் பொறுத்து அது அடிக்கடி மாறும். அதைப் பார்த்துத் திரையில் ஏற்றினால் கலவைச் சீட்டு அச்சாகும். லோடுமேன்கள் சீட்டைப் பார்த்து அந்தந்தச் சரக்குத் தொட்டியிலிருந்து நிறுத்து எடுத்து இயந்திரத்தில் கொட்டுவார்கள்.

அந்தத் திரையில் உட்கார்ந்தவள் பூங்கொடி. முப்பத்து நாலு முப்பத்தைந்து வயது இருக்கும். அந்த மில்லுக்கு மூட்டை தைக்க வந்தவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடி அறைக்கு வெளியே நின்று பார்த்துப் பார்த்து, பழைய கிளார்க்கிடம் கெஞ்சி, எண் அடிக்கக் கற்றுக்கொண்டாள். கிளார்க் வேலையை விட்டுப் போனபோது நல்லசாமி அண்ணன் அவளையே உட்கார வைத்தார். அவள் மகள் பள்ளிக்கூடத்தில், “எங்கம்மா கம்ப்யூட்டர்ல வேலை பாக்குது” என்று டீச்சர் முதல் ஆயா வரை சொல்லி வைத்திருந்ததாம். அந்த நாற்காலி அவளுக்குச் சும்மா கிடைத்தது இல்லை.

அந்த மில்லில் பழைய கறுப்புத் திரைப் புரோகிராமை எடுத்துவிட்டு எங்கள் புதுத் திரையைப் போட்டோம். அதில் ஒரு பாதுகாப்பும் வைத்தேன். உப்பு போன்ற சரக்கில் அளவு எல்லை மீறினால் உடனே ஒரு பெட்டி தோன்றும். ‘உப்பு அளவு அதிகம். தொடரலாமா?’ கீழே ஆம், இல்லை. எந்தப் பெட்டி வந்தது, என்ன பதில் கொடுத்தார்கள் என்பதை நேரத்தோடு புரோகிராம் தன் குறிப்பில் எழுதிக்கொள்ளும். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. ஆனால் அங்கே போய்ப் பக்கத்தில் உட்காரவில்லை. எட்டு மில்லுக்கு அதே வேலையைச் செய்தாகிவிட்டது, ஒன்பதாவதில் புதிதாக என்ன இருக்கப் போகிறது என்ற திமிர்.

சில மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலையில் நல்லசாமி அண்ணன் கூப்பிட்டார். குரலே சரியில்லை. அவருடைய அக்கா பண்ணைக்குப் போன குஞ்சுத் தீவனத்தைத் தின்ற குஞ்சுகள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியே கிடந்து, மூச்சு வாங்கி, கொத்துக் கொத்தாகச் செத்திருந்தன. டாக்டர் தீவனத்தில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினார். உப்பு. பேப்பரில் அவர் எழுதியது இரண்டரைக் கிலோ. அச்சான சீட்டில் இருபத்தைந்து. வேலைக்குப் புதிதாக வந்த லோடுமேன் சீட்டில் இருந்தபடி நிறுத்துக் கொட்டிவிட்டான்.

நான் போனபோது கண்ணாடி அறைக்குள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பூங்கொடி மூலையில் நின்றாள். நான் புரோகிராமின் குறிப்பைத் திறந்து, எல்லாருக்கும் கேட்கும்படி படித்தேன். “எச்சரிக்கை காட்டப்பட்டது. பதில்: ஆம்.” படித்துவிட்டு, “நம்ம புரோகிராம் கரெக்டாச் சொல்லியிருக்குதுங்கண்ணா. இவங்கதான் ஆம் குடுத்திருக்காங்க” என்றேன். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது. என் திரை தப்பித்தது என்ற சந்தோஷம் அதில் இருந்தது.

“எனக்கு அப்படி ஒண்ணும் வரலீங்க” என்றாள் பூங்கொடி.

நல்லசாமி அண்ணன் கெட்டவர் இல்லை. அக்காவிடம் பதில் சொல்ல வேண்டிய நெருக்கடி அவருக்கு. ஆபீஸ் கணக்கரை விட்டு ஒரு தாளில் அடிக்கச் சொன்னார். ‘எச்சரிக்கையைப் பார்த்தேன். கவனக்குறைவால் ஆம் அழுத்திவிட்டேன்.’

“இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு உன் சீட்டுலயே உக்காரும்மா. தப்பு நடக்கறதுதான். நான் உன்னை ஒண்ணும் பண்ணல” என்றார்.

“புள்ளியை உட்டுப்போட்டு அடிச்சிருந்தா அடிச்சேன்னு சொல்றனுங்க. பாக்காததைப் பாத்தேன்னு எப்படிங்கய்யா எழுதறது?”

“அப்ப மிசினு பொய் சொல்லுதா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “அது பொய் சொல்லாதுங்கண்ணா. நடந்ததை எழுதும்” என்றேன்.

அவள் தாளை வாங்கினாள், மடித்தாள், கையெழுத்துப் போடவில்லை. மூட்டை தைக்கும் கொட்டகைப் பக்கம் நடந்து போனாள். பழைய ஊசியைக் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள் என்று அப்புறம் சொன்னார்கள்.

ஆபீஸுக்கு வந்து தங்கவேல் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். பாராட்டுவார் என்றுகூட நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“அந்தப் புள்ள பக்கத்துல உக்காந்தீங்களா அம்மிணி?”

“இல்லீங்க சார். குறிப்புலயே எல்லாம்...”

“அப்ப நமக்கு இன்னும் ஒண்ணும் தெரியாதுங்க” என்றார். ஏலக்காய் கடிபட்டது.

போய்ப் பாருங்கள் என்றார். நான் போகவில்லை. வேறு வேலை இருந்தது என்று இப்போது எழுதினால் அது பொய். குறிப்பைத் தெளிவாகக் காட்டிய பிறகும் என்னை நம்பவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். வெள்ளி போனது, சனி போனது, ஞாயிறும் திங்களும் போனது. அந்த நாலு நாள்தான் என் உத்தியோகத்திலேயே நான் செய்த பெரிய பாவம்.

செவ்வாய்க்கிழமை காலையில் சார் என் மேசைக்கு வந்து நின்றார். கையில் ஸ்கூட்டர் சாவி. “வாங்க அம்மிணி, நானும் வாரேன்” என்றார். அவ்வளவுதான்.

மில்லுக்குப் போனதும், சோதனைக்கென்று புரோகிராமின் தனிப் பிரதி ஒன்றைப் போட்டேன். அதில் உப்பின் எல்லையைக் குறைத்து வைத்தேன். வழக்கமான இரண்டரைக் கிலோவை அடித்தாலே எச்சரிக்கை வந்துவிடும். இதைப் பூங்கொடிக்குச் சொல்லவில்லை. அவளைக் கூட்டி வரச் சொன்னோம். தலையெல்லாம் சாக்குத் தும்பு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. சார் இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒன்றில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் கொடுத்தார். நானும் கொடுத்தேன்.

“எப்பவும் போல அடிக்கட்டுங்களா?” என்று அவரைக் கேட்டாள்.

“எப்பவும் போலத்தான் சாமி. நாங்க இல்லைன்னு நெனச்சுக்கங்க.”

இடது ஆட்காட்டி விரலைப் பேப்பரின் முதல் வரியில் வைத்தாள். வலக்கை எண் கீகளுக்குப் போனது. மக்காச்சோளம், எண், டக் டக். சோயா, எண், டக் டக். தவிடு, எண், டக் டக். ஒவ்வொரு சரக்குக்கும் இரண்டு என்டர். நான் அமைத்த திரையே அப்படித்தான். முதல் கட்டம் எடை, அடுத்த கட்டம் எந்தத் தொட்டியிலிருந்து எடுப்பது என்ற எண். தொட்டி எண் ஏற்கெனவே அங்கே இருக்கும், மாறவே மாறாது. அதைத் தாண்டிப் போக இரண்டாவது என்டர். இரண்டு தட்டலும் அவளுக்கு ஒரே மூச்சு. அரைவை இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே அது தறி ஓடுகிற மாதிரி சீராகக் கேட்டது. தலை நிமிரவே இல்லை. கண் பேப்பரிலேயே இருந்தது.

உப்பு வந்தது. எண் அடித்தாள். டக். வெள்ளைப் பெட்டி தோன்றியது. டக். பெட்டி இல்லை. விரல் விட்டமின் வரிக்கு இறங்கியிருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெட்டி வந்ததும், கை தயாராக இருக்கட்டும் என்று கர்சர் ‘ஆம்’ மேல் நிற்கும்படி, என்டர் தட்டினாலே ஆம் ஆகும்படி வைத்திருந்தேன். தொட்டி எண்ணுக்கென்று அவள் தட்டிய இரண்டாவது என்டர் அந்த ‘ஆம்’ மேல் விழுந்தது. இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்திருந்தேன். ஆம் சொன்னவருக்கு ஒரு தட்டல் மிச்சமாகட்டும் என்று, கர்சர் தொட்டி எண்ணைத் தாண்டி நேராக அடுத்த சரக்குக்குப் போகும்படி எழுதியிருந்தேன். அதனால் எண் எதுவும் இடம் மாறவில்லை. ஏதோ வந்து போனது என்று சந்தேகப்பட அவளுக்கு ஒரு துப்பும் இல்லை. நல்லது செய்கிறேன் என்று ஒவ்வொரு கதவாக நானே சாத்தியிருந்தேன்.

“நடுவுல ஏதாச்சும் வந்துச்சா சாமி?” என்று கேட்டார் சார்.

“இல்லீங்களே.”

குறிப்பைத் திறந்தேன். எச்சரிக்கை காட்டிய நேரமும் ஆம் வந்த நேரமும் ஒரே நொடி. பின்னால் போய், குஞ்சுகள் செத்த அந்தத் தீவனத்தின் வரியைப் பார்த்தேன். அங்கேயும் ஒரே நொடி. வியாழக்கிழமை நான் ஏழெட்டுப் பேர் முன்னால் உரக்கப் படித்த வரி அது. பதிலைப் படித்தேன், பக்கத்தில் இருந்த நேரத்தைப் படிக்கவில்லை. ஒரு நொடிக்குள் யாரால் ஒரு பெட்டியைப் படித்து யோசித்து ஆம் சொல்ல முடியும்?

சார் கீபோர்டைக் கவிழ்த்து மெதுவாகத் தட்டினார். மேசை மேல் ஒரு கைப்பிடித் தவிட்டுத் தூசு கொட்டியது. புள்ளிக் கீ மட்டும் அழுத்தினால் உள்ளேயே சிக்கிக்கொண்டு, இரண்டு தடவைக்கு ஒரு தடவைதான் வேலை செய்தது. கீபோர்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

நல்லசாமி அண்ணனைக் கூப்பிட்டோம். பூங்கொடியை மறுபடி அடிக்கச் சொல்லிவிட்டு, “திரையை மட்டும் பாருங்கண்ணா. உப்பு வரும்போது என்ன வருதுன்னு படிச்சுச் சொல்லுங்க” என்றேன்.

டக் டக்.

“ஏதோ வெட்டுச்சு” என்றார்.

இன்னொரு தடவை. மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து நின்றார். “உப்...” என்றார். பெட்டி போய்விட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சட்டென்று கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“தப்பு என்னோடதுங்கண்ணா” என்றேன். அறை வாசலில் லோடுமேன்களும் மூட்டை தைக்கிற பெண்களும் கூடியிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். “பெட்டி வந்தது நெசம். அவங்க பாக்கலைங்கறதும் நெசம். பாக்கவே முடியாதபடி எழுதினது நானு. அன்னைக்கு அவங்க மேல பழி போட்டதும் நாந்தான்.”

சார் பக்கத்தில் நின்றார். நடந்ததற்கு எங்கள் கம்பெனிதான் பொறுப்பு என்று அவரும் சொன்னார். நல்லசாமி அண்ணன் எங்களைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. “உன் சீட்டுலயே இரும்மா” என்று பூங்கொடியிடம் மட்டும் சொல்லிவிட்டு, அக்காவுக்குப் போன் போட வெளியே போனார்.

சார் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். “இதை எப்படி மாத்தினா உங்களுக்குத் தெரியுமுங்க?” என்று அவளிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

நான் என் மூளையில் இருந்ததையெல்லாம் சொன்னேன். கர்சர் ‘இல்லை’ மேல் நிற்கும்படி வைக்கலாம் என்றேன். இரண்டாவது என்டர் ‘இல்லை’ மேல் விழும், கர்சர் மறுபடி உப்பிலேயே நிற்கும், அவளோ விட்டமின் எண்ணை உப்பின் மேல் அடித்துவிடுவாள். அது இன்னும் மோசம். சிவப்பு எழுத்து என்றேன். அவள் திரையையே பார்ப்பதில்லை. சத்தம் கொடுக்கலாம் என்றேன். அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது.

“என்ற கண்ணு பேப்பர்ல, காது மில்லுல இருக்குமுங்க” என்றாள் பூங்கொடி. கொஞ்சம் யோசித்தாள். “ஆனா எல்லாம் அடிச்சு முடிச்சாப் பிரிண்டர்ல சீட்டு வரும். வாங்கறதுக்குக் கையை நீட்டுவேன். சீட்டு வரலைன்னா என்ன ஏதுன்னு நிமிந்து பாப்பனுங்க.”

தங்கவேல் சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். இருபது வருஷ அனுபவத்தில் எனக்குத் தோன்றாதது. அப்படியே எழுதினேன். நடுவில் பெட்டி வந்து யாரையும் மறிக்காது. எல்லாவற்றையும் அடித்து முடித்த பிறகு, எல்லை மீறின சரக்கை மட்டும் காட்டும், சீட்டை வெளியே விடாது. பேப்பரைப் பார்த்து அந்த எடையை மறுபடி அடித்தால்தான் சீட்டு வரும். அந்த இடத்தில் என்டருக்கு ஒரு வேலையும் கிடையாது. கீபோர்டுக்கு ஒரு ரப்பர் உறையும் வாங்கிப் போட்டோம்.

பிரகாஷ், நீ கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். மிச்சத்தை நீ படிக்க வேண்டிய அவசியமில்லை. எனக்கு எழுத வேண்டியிருக்கிறது.

மதிய மணி அடித்து எல்லாரும் கலைந்த பிறகு நான் கைகழுவக் குழாய்ப் பக்கம் போனேன். பூங்கொடி பின்னாலேயே வந்தாள். சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். நல்லசாமி அண்ணன் அடித்துக் கொடுத்த தாள்தான். பிரித்தேன். ‘எச்சரிக்கையைப் பார்த்தேன்’ என்ற வரிக்குக் கீழே, குண்டு குண்டான எழுத்தில், ஆ. பூங்கொடி என்று கையெழுத்துப் போட்டிருந்தது.

“இன்னைக்குச் சாயங்காலம் குடுத்தர்லாம்னு எடுத்துட்டு வந்தனுங்க” என்றாள்.

“பாக்கவே இல்லைன்னு அவ்வளவு உறுதியாச் சொன்னியே. ஏன் போட்டே?”

“நீங்க சொன்னீங்கள்ல, மிசினு பொய் சொல்லாதுன்னு.” குற்றம் சொல்கிற குரலே இல்லை அது. “கண்ணுல ஏதாச்சும் கோளாறு இருக்குமோன்னு ஞாயித்துக்கெழம கண்ணு கேம்ப்புக்குப் போனனுங்க. ஒரு கொறையும் இல்லைன்னுட்டாங்க. அப்பப் பாத்துத்தான் இருப்பேன், புத்திக்குத்தான் நெனப்பு இல்லாமப் போச்சுன்னு தோணுச்சுங்க. எங்கம்மாவுக்குக் கடைசியில அப்படித்தான் ஆச்சு. சோத்தைத் தின்னுபோட்டு, திங்கவே இல்லைன்னு சாதிக்கும். எனக்கும் அது வந்துருச்சு, இந்த வயசுலயே வந்துருச்சுன்னு நெனச்சனுங்க. எம்பொண்ணு இன்னும் ஆறாவதுதான் படிக்குது. ஊட்டுல ஒருத்தருகிட்டயும் சொல்லலீங்க.”

நான் அழுதுவிட்டேன். தண்ணீர் பாட்டுக்குக் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது. வேலை போய்விடுமோ என்று அவள் பயந்திருப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நாலு நாள், நாலு ராத்திரி, அவள் இதைச் சுமந்துகொண்டு மூட்டை தைத்திருக்கிறாள்.

“அப்ப எனக்கு அது இல்லீங்களாக்கா?”

ஈரக்கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “இல்ல சாமி. உனக்கு ஒண்ணுமே இல்ல. உன் கண்ணும் நல்லா இருக்குது, உன் நெனப்பும் நல்லா இருக்குது. நீ சொன்னதுதான் நெசம்.”

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னொரு தடவை சொல்லுங்கக்கா” என்றாள்.

சொன்னேன்.